ஃபிஃப்த் வீல் ஹிட்ச் வாங்கும் முன் கதவு ஸ்டிக்கரைப் படியுங்கள்

போன மாதம் டல்லாஸ் பக்கமிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, 20,000 பவுண்டு ஹிட்ச் ஒண்ணு நல்ல விலைக்குக் கிடைச்சுது, வாங்கிட்டேன். இனி எந்த டிரெய்லர் வேணும்னாலும் இழுக்கலாம்ல?" என்றார். ஹிட்ச் என்பது டிரெய்லரை டிரக்கோடு பூட்டும் இணைப்பு. கேட்டதும் எனக்குப் பகீரென்றது. மூன்று வருடம் முன்பு நானும் இதே வரிசையில்தான் போனேன். முதலில் ஹிட்ச் வாங்கினேன், அப்புறம் டிரெய்லர், எல்லாம் முடிந்த பிறகுதான் டிரக்கின் கதவைத் திறந்து அங்கே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். அதற்குள் பின்கண்ணாடி உடைந்திருந்தது, ஹிட்ச் ஒன்று வீணாகியிருந்தது, கடைசியில் டிரக்கையே மாற்ற வேண்டி வந்தது.

அந்தத் தம்பிக்குப் போனில் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்துக்கொண்டு முதல் முறையாக ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வாங்க நினைக்கும் நம் ஆட்களுக்காக எழுதுவது. நான் இருப்பது டெக்சாஸ். உரிமம் பற்றிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், எடைக் கணக்கு எங்கும் ஒன்றுதான்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: சாதாரண டிரெய்லர் வண்டியின் பம்பருக்குக் கீழே இருக்கும் உருண்டையில் மாட்டும். ஃபிஃப்த் வீல் அப்படி இல்லை. டிரெய்லரின் மூக்குக்கு அடியில் கிங்பின் என்ற 2 அங்குல விட்டமுள்ள இரும்பு முளை இருக்கும். அது டிரக்கின் பின்தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே நிற்கும் ஹிட்ச்சின் தாடையில் போய்ப் பூட்டிக்கொள்ளும். பாரம் அச்சின் மேலேயே இறங்குவதால் நெடுஞ்சாலையில் ஆட்டம் மிகக் குறைவு. அதே காரணத்தால் டிரக்கின் மேல் ஏறும் எடையும் அதிகம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படமெடுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில் டயர் அழுத்தம் எழுதிய ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வெள்ளை நிறம், மேலே ஒரு மஞ்சள் பட்டை. ஆட்களும் சாமானும் சேர்ந்த எடை இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அதுதான் உங்கள் டிரக்கின் பேலோடு. விளம்பரத்தில் வரும் எண்ணோ, அதே மாடல் வைத்திருக்கும் நண்பர் சொல்லும் எண்ணோ உங்களுக்கு உதவாது. டீசல் என்ஜினா, நான்கு சக்கர இயக்கமா, மேல் கூரைக் கண்ணாடி உண்டா என்பதைப் பொறுத்து ஒரே மாடலில் இரண்டு டிரக்குகளுக்கு நடுவே சில நூறு பவுண்டு வித்தியாசம் வரும்.

பக்கத்திலேயே இன்னொரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜிவிடபிள்யூஆர், அதாவது டிரக் முழுப் பாரத்தோடு எவ்வளவு இருக்கலாம் என்ற உச்ச எடையும், முன் அச்சு, பின் அச்சு ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்பதும் இருக்கும். இரண்டையும் தெளிவாகப் படமெடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் கடையில் நிற்கும்போது இந்தப் படம் கையில் இல்லையென்றால் பேச்சு முழுவதும் விற்பவர் கையில் போய்விடும்.

என் டிரக் முக்கால் டன் வகை, டீசல், 6.5 அடித் தொட்டி. (அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை டிரக்கின் பலத்தைச் சொல்லும் வகைப்பெயர்கள், அது சுமக்கும் உண்மையான எடை அல்ல.) ஸ்டிக்கரில் இருந்தது 2,240 பவுண்டு. "இது டீசல், சும்மா இழுக்கும்" என்று டிரெய்லர் விற்றவர் சொன்னார். இழுத்தது உண்மைதான். இழுக்கும் பலம் வேறு, சுமக்கும் பலம் வேறு. ஃபிஃப்த் வீலில் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது சுமக்கும் பலம்தான்.

2. கிங்பின் எடையை நீங்களே கணக்குப் போடுங்கள்

டிரெய்லரின் கையேட்டில் "ஹிட்ச் எடை" என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது தண்ணீர், கேஸ் சிலிண்டர், பேட்டரி, துணிமணி, பாத்திரம் எதுவும் ஏற்றாத காலி டிரெய்லரின் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி வாங்குவதுதான் இந்த விஷயத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஃபிஃப்த் வீலில் டிரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்கும். நீங்கள் டிரெய்லரின் உச்ச எடையில் 20 சதவீதம் என்று போடுங்கள். சாமான் அறை முழுக்க முன்பக்கம் இருக்கும் டிரெய்லர் என்றால் 22, 23 என்று போட்டாலும் தப்பில்லை.

என் கணக்கை அப்படியே தருகிறேன். டிரெய்லரின் உச்ச எடை 11,990 பவுண்டு, கையேட்டில் ஹிட்ச் எடை 1,780. நான் 1,780-ஐ 2,240-இல் கழித்துவிட்டு இன்னும் 460 பவுண்டு மிச்சம் என்று நிம்மதியாக இருந்தேன். சரியான கணக்கு இது: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 520. ஹிட்ச்சின் சொந்த எடை 180. தொட்டியில் கருவிப் பெட்டியும் ஐஸ் பெட்டியும் 120. ஆக 820 போய்விட்டது, கிங்பினுக்கு மிச்சம் 1,420. வர வேண்டியதோ 11,990-இல் 20 சதவீதம், சுமார் 2,400. கிட்டத்தட்ட ஆயிரம் பவுண்டு கூடுதல்.

இதில் மூன்று இடத்தில் ஏமாறுவோம். ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணில் ஓட்டுநரின் எடையும் அடக்கம், அதனால் உங்களையும் எண்ணுங்கள். ஹிட்ச்சின் எடையை யாரும் சொல்ல மாட்டார்கள். வழக்கமான இரும்பு ஹிட்ச் 100 பவுண்டைத் தாண்டும், ஸ்லைடர், அதாவது முன்னும் பின்னும் நகரும் வகை, 300 பவுண்டு வரைகூடப் போகும். மூன்றாவது, பின்னால் காற்றுப் பை போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். காற்றுப் பை டிரக்கின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், பார்க்க மட்டமாக இருக்கும், ஆனால் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை ஒரு பவுண்டுகூட ஏற்றாது.

கணக்கு இடிக்கிறது என்றால் இரண்டே வழி, சின்ன டிரெய்லர் அல்லது பெரிய டிரக். அரை டன் டிரக்கில் ஃபிஃப்த் வீல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அரை டன் டிரக்குக்கென்றே லேசாகச் செய்த சில ஃபிஃப்த் வீல் டிரெய்லர்கள் இருக்கின்றன, உண்மைதான், ஆனால் நான்கு பேர் குடும்பம் ஏறி உட்கார்ந்தபின் கையில் மிஞ்சும் எண் மிகச் சிறியது. நான் கடைசியில் பழைய ஒரு டன் டிரக்குக்கு மாறினேன்.

3. தொட்டியின் நீளத்தை டேப் வைத்து அளங்கள்

என் பின்கண்ணாடி உடைந்தது இங்கேதான். முகாமில் இடப்பக்கம் ஒரு மரம், வலப்பக்கம் மின்கம்பம், நடுவே பின்னால் எடுத்து நுழைக்க வேண்டும். ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்தேன். மனைவி "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தியதும் நிறுத்தினேன், ஆனால் டிரெய்லரின் மூலை அதற்குள் கேபினின் கண்ணாடியைத் தொட்டுவிட்டது. பிள்ளைகள் பின் இருக்கையில் இருந்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை, கண்ணாடித் துகள் மட்டும் அவர்கள் தலையில். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

டிரெய்லரின் அகலம் 96 அங்குலம் என்றால் பாதி 48. பல டிரெய்லர்கள் 102 அங்குலம், பாதி 51. டிரக்குக்குக் குறுக்கே டிரெய்லர் திரும்பி நிற்கும்போது அதன் பக்கவாட்டுச் சுவர் கிங்பினிலிருந்து அந்தப் பாதி அகலத்துக்கு முன்னால் வரும். எனவே ஹிட்ச்சின் மையத்திலிருந்து கேபினின் பின்கண்ணாடி வரை அதைவிடக் கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டும், நான்கு அங்குலமாவது மிச்சம் இருக்கட்டும். 8 அடித் தொட்டியில் இந்த இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். 6.5 அடித் தொட்டியில் 40 அங்குலத்தை ஒட்டித்தான் கிடைக்கும். அதாவது முழுத் திருப்பத்தில் இடிக்கும். 5.5 அடி என்றால் கேட்கவே வேண்டாம்.

நீளத் தொட்டி இருந்தால் நிலையான ஹிட்ச் போதும், அடுத்த படிக்குப் போய்விடுங்கள். குட்டைத் தொட்டிக்கு வழிகள் உண்டு.

கையால் நகர்த்தும் ஸ்லைடர்: திருப்பத்துக்கு முன் டிரக்கை நிறுத்தி, நெம்புகோலை இழுத்து, டிரெய்லரின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு டிரக்கை மெல்ல முன்னே எடுத்தால் ஹிட்ச்சின் தலை பத்துப் பன்னிரண்டு அங்குலம் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும். விலை குறைவு. ஆனால் நீங்கள் ஞாபகமாகச் செய்ய வேண்டும். இருட்டில், மழையில், பிள்ளைகள் பசியென்று அழும்போது மறந்துபோகும். நெடுஞ்சாலைக்குத் திரும்பும் முன் பழைய இடத்துக்குக் கொண்டுவரவும் மறக்கக் கூடாது.

தானாக நகரும் ஸ்லைடர்: புல்ரைட் நிறுவனத்தின் சூப்பர்கிளைடு இதில் பெயர்பெற்றது. டிரெய்லர் திரும்பத் திரும்ப ஹிட்ச் தானே பின்னால் போய், நேராகும்போது தானே முன்னால் வரும். இதற்கு டிரெய்லரின் கிங்பினைச் சுற்றி ஒரு தகடு பொருத்த வேண்டும். விலை அதிகம், எடையும் அதிகம். அந்த எடையை இரண்டாவது படியின் கணக்கில் சேர்த்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

டிரெய்லர் பக்கம் மாற்றுவது: ரீஸ் சைட்வைண்டர் போன்ற கிங்பின் பெட்டிகள் திரும்பும் புள்ளியையே சுமார் 22 அங்குலம் பின்னால் தள்ளிவிடும். அப்போது ஹிட்ச் நகர வேண்டியதில்லை. இதோடு ஸ்லைடரைச் சேர்த்துப் போடக் கூடாது. ஹிட்ச்சின் தலையில் கிங்பின் சுழலாமல் இருக்க ஒரு ஆப்பு போட வேண்டும், அது உங்கள் ஹிட்ச்சின் தலைக்குப் பொருந்துமா என்று வாங்கும் முன் கேளுங்கள்.

டிரெய்லரின் மூக்கு உள்வாங்கியிருக்கிறது, அதனால் எந்தக் குட்டைத் தொட்டிக்கும் சரிப்படும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். சில டிரெய்லர்களுக்கு அது உண்மையும்கூட. உங்கள் டிரக்கையும் அந்த டிரெய்லரையும் காலி மைதானத்தில் மாட்டித் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஒருவர் வெளியே நின்று பார்க்கட்டும். காட்ட மாட்டேன் என்றால் அந்த வாய்வார்த்தையை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

4. தொட்டியின் தரையில் என்ன இருக்கிறது?

இப்போதுதான் ஹிட்ச் எந்த வகையில் பொருந்தும் என்ற கேள்வி. தொட்டியைக் காலி செய்து, விரிப்பைத் தூக்கிவிட்டுப் பாருங்கள்.

நடுவில் ஒரு பெரிய வட்ட ஓட்டையும் அதைச் சுற்றி நான்கு மூடிபோட்ட ஓட்டைகளும் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தொழிற்சாலையிலேயே போட்ட பக் அமைப்பு அது. ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் 2011 மாடலிலிருந்து இந்த வசதி கேட்டு வாங்க முடிகிறது. ராம், செவி, ஜிஎம்சியின் கனரக டிரக்குகளிலும் பிறகு வந்தது. ஹிட்ச்சின் நான்கு கால்களும் அந்த ஓட்டைகளில் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். ஒன்றும் துளைக்க வேண்டாம், அரை மணி நேரத்தில் வேலை முடியும். ஒரு எச்சரிக்கை: ஃபோர்டுக்கான ஹிட்ச் ராமுக்குப் பொருந்தாது. ஓட்டைகளின் இடைவெளி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. புது டிரக் ஆர்டர் செய்யப் போகிறவர்கள் இந்த வசதியைச் சேர்த்தே வாங்குங்கள், பிறகு போடுவது செலவும் அலைச்சலும்.

அந்த ஓட்டைகள் இல்லையென்றால் வழக்கமான வழி ரெயில். தொட்டியின் குறுக்கே இரண்டு இரும்புப் பட்டைகளை வைத்து, தரையைத் துளைத்து, கீழே டிரக்கின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போடுவது. ஹிட்ச்சின் கால்கள் அந்தப் பட்டைகளில் ஏறி நிற்கும். பெரும்பாலான ஹிட்ச்கள் ஒரே அளவு ரெயிலில் பொருந்துகின்றன என்பதால் நாளை ஹிட்ச்சை மாற்றினாலும் ரெயிலை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கீழே சட்டத்தில் பிடிக்கும் தாங்கிகள் உங்கள் டிரக்கின் வருடத்துக்கும் மாடலுக்கும் மட்டுமே பொருந்தும். பழைய ஹிட்ச் வாங்கும்போது "ரெயிலும் தாங்கியும் சேர்த்துத் தருகிறேன்" என்று சொன்னால், தாங்கிக்கு விலை கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. தொட்டிக்கு அடியில் கூஸ்நெக் அமைப்பைப் (தொட்டியின் நடுவே உருண்டையில் மாட்டும் டிரெய்லர்களுக்கானது) போட்டு, நடுவே ஒரே ஓட்டை வைத்து, அந்த ஓட்டையில் இறங்கும் ஹிட்ச்சை மேலே வைப்பது. கான்சஸில் இருக்கும் பி அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் டர்ன்ஓவர்பால் அமைப்பும் அதற்கான கம்பேனியன் ஹிட்ச்சும் இப்படித்தான். ஹிட்ச்சைத் தூக்கிவிட்டால் தொட்டித் தரை மட்டமாக இருக்கும், மரச்சாமான் ஏற்றலாம், மண் ஏற்றலாம். ரெயில் போட்டால் அது நடுவில் நின்று காலை இடறும்.

ஆண்டர்சன் அல்டிமேட் போன்ற அலுமினிய ஹிட்ச்சும் உண்டு, ஒரு ஆளே தூக்கிவிடும் அளவுக்கு லேசு. பேலோடு இறுக்கமாக இருப்பவர்களுக்கு ஆசை வரும். அது கிங்பினில் ஒரு அடாப்டரை மாட்டி, உருண்டையின் மேல் உட்காரும். கிங்பினில் நீளமான கூஸ்நெக் கழுத்தை மாட்டும் அடாப்டர்கள் வேறு. நெம்புகோல் நீள நீள டிரெய்லரின் முன் சட்டத்தில் விழும் அழுத்தம் கூடும், சட்டத்துக்கான உத்தரவாதம் போய்விடும் வாய்ப்பும் உண்டு. எந்த அடாப்டராக இருந்தாலும் டிரெய்லர் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

தொட்டியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கிறீர்களா? ரெயிலோ ஹிட்ச்சோ அதன் மேல் உட்காரக் கூடாது. இரும்பின் மேலேயே உட்கார வேண்டும், நடுவில் பிளாஸ்டிக் இருந்தால் அது நாளாக ஆக நசுங்கி போல்ட் தளரும். விரிப்பை வெட்டுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். தெளித்துப் போட்ட பூச்சு என்றால் கவலையில்லை.

5. இப்போது ஹிட்ச்சைத் தேர்ந்தெடுக்கலாம்

இத்தனை படிகளுக்குப் பிறகுதான் 16,000, 20,000, 25,000 என்ற எண்களைப் பார்க்க வேண்டும். அந்த எண் ஹிட்ச் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் சொல்கிறது, உங்கள் டிரக்கைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. டிரெய்லரின் உச்ச எடையைவிட ஒரு படி மேலே எடுங்கள். 12,000 பவுண்டு டிரெய்லருக்கு 16,000 ஹிட்ச் தாராளம். 25,000 எடுத்தால் கூடுதல் இரும்பைச் சுமப்பீர்கள், அவ்வளவுதான். மொத்த எடையோடு செங்குத்து எடைக்கும் தனி வரம்பு லேபிளில் இருக்கும், கிங்பின் எடையை அதோடு ஒப்பிடுங்கள்.

தாடையில் கவனம் வையுங்கள். கிங்பினை இரண்டு பக்கமும் சுற்றிக் கவ்வும் தாடை, ஒற்றைக் கம்பி குறுக்கே வந்து பூட்டும் தாடை என்று வகைகள் உண்டு. சுற்றிக் கவ்வும் வகையில் கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் வரும் "டொக், டொக்" சத்தம் குறைவு. தலை முன்னும் பின்னும் மட்டும் சாய்வதைவிட நான்கு பக்கமும் சாய்வது நல்லது, மேடுபள்ளமான முகாமில் மாட்டும்போது அருமை தெரியும்.

உயரமும் முக்கியம். டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், அதேசமயம் தொட்டியின் பக்கச் சுவருக்கும் டிரெய்லரின் அடிப்பாகத்துக்கும் நடுவே ஆறு அங்குலம் இடைவெளி வேண்டும். இப்போதைய டிரக்குகள் உயரமானவை, இரண்டும் சேர்ந்து அமைவது சில சமயம் கஷ்டம். ஹிட்ச்சின் உயரத்தைப் படிப்படியாக மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

பழையதாக வாங்குவது தப்பே இல்லை. பற்றவைப்பில் விரிசல், தாடையில் தேய்மானம், வளைந்த கைப்பிடி இந்த மூன்றையும் பாருங்கள். எடை எழுதிய லேபிள் கிழிந்துபோயிருந்தால் வேண்டாம்.

6. செலவும் நேரமும்

நான் விசாரித்தபோது கிடைத்த விலைகள், உங்கள் ஊரில் ஏறக்குறைய இருக்கலாம். நிலையான ஹிட்ச் 600 முதல் 1,500 டாலர். கைஸ்லைடர் 1,000-ஐத் தாண்டும். தானியங்கி ஸ்லைடர் 2,000-க்கு மேல். ரெயிலும் தாங்கியும் 200 முதல் 350. கூலி 300 முதல் 500. தொட்டிக்குள் ஏழு முனை மின்இணைப்பு இல்லாவிட்டால் அதற்கான ஒயர் 100-க்குள், நீங்களே சொருகிவிடலாம். டிரெய்லரின் பிரேக்கை டிரக்கிலிருந்து இயக்கும் கன்ட்ரோலர் டிரக்கிலேயே இல்லாவிட்டால் அதற்குத் தனியாக. டிரெய்லர் கடைக்காரர்கள் ஹிட்ச்சையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வார்கள். ஹிட்ச்சின் மாடல் எண், ரெயில், கூலி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்குப் பிரித்தபோது ஒரே ஹிட்ச்சுக்கு வெளியில் கிடைப்பதைவிட 400 டாலர் கூடுதலாக இருந்தது தெரிந்தது.

மார்ச், ஏப்ரலில் கடைகளில் கூட்டம். நான் மார்ச் கடைசியில் அழைத்தேன், மூன்று வாரம் கழித்துத்தான் நாள் கொடுத்தார்கள். தாங்கிகள் ஆர்டர் செய்து வர இன்னொரு வாரம். கோடை விடுமுறைக்கு வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே தொடங்குங்கள். டிரெய்லரை எடுக்கும் தேதியை ஹிட்ச் பொருத்திய பிறகு வையுங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் கடையில் இருப்பதை வாங்கிப் போட்டுக்கொள்வீர்கள்.

7. காகிதங்கள்

ஒரு உறையில் இவற்றைப் போட்டு டிரக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்: கதவு ஸ்டிக்கர்களின் அச்சிட்ட படம், டிரெய்லரின் எடைத் தகட்டின் படம், உங்கள் டிரக் மாடல் வருடத்துக்கான நிறுவனத்தின் இழுவைக் கையேட்டுப் பக்கம், ஹிட்ச்சின் ரசீதும் பொருத்தும் கையேடும், பொருத்தியவர் கையெழுத்திட்ட தாள். பொருத்திய தாளில் போல்ட்களை எந்த அளவுக்கு முறுக்கினார்கள் என்று எழுதி வாங்குங்கள். உத்தரவாதம் கேட்கும் நாளில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, டிரெய்லர் இழுக்கும்போது என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

உரிமம்: டெக்சாஸில் டிரக், டிரெய்லர் இரண்டின் உச்ச எடையும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டி, டிரெய்லர் மட்டும் 10,000-ஐத் தாண்டினால், வணிகமல்லாத ஏ வகுப்பு உரிமம் வேண்டும். கலிபோர்னியாவில் 10,000-க்கு மேல் 15,000-க்குள் இருக்கும் ஃபிஃப்த் வீலுக்குச் சாதாரண உரிமத்தோடு ஒரு கூடுதல் அனுமதி போதும், எழுத்துத் தேர்வு உண்டு. 15,000-ஐத் தாண்டினால் அங்கும் வணிகமல்லாத ஏ வகுப்பு. மற்ற மாநிலத்தார் உங்கள் மாநில ஓட்டுநர் உரிம அலுவலகத்தின் கையேட்டில் பாருங்கள். டிரெய்லரில் இப்போது ஏற்றியிருக்கும் எடையைப் பார்க்காதீர்கள், தகட்டில் அச்சிட்ட உச்ச எடையைப் பாருங்கள்.

8. பொருத்தும்போது

கடையில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். ரெயில் போடுபவர்கள் தொட்டியின் நெளிவுகளுக்கு நடுவே தகடுகளை வைத்துத்தான் முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தரை நசுங்கும். துளைக்கும் முன் அடியில் எரிபொருள் குழாயோ ஒயரோ போகிறதா என்று பார்க்க வேண்டும். துளைத்த விளிம்பில் துருத்தடுப்புப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள், மறந்துவிடுவார்கள். கையேடு சொல்லும் மைல் தூரம் ஓடியதும் எல்லா போல்டையும் முறுக்களவுச் சாவியால் மறுபடி சரிபாருங்கள்.

9. முதல் முறை மாட்டுவது

ஆள் இல்லாத இடமாகப் பாருங்கள். ஞாயிறு காலை ஏதாவது பெரிய வாகன நிறுத்துமிடம் போதும். டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். தொட்டியின் பின்கதவான டெயில்கேட்டைத் திறந்து இறக்குங்கள், இதை மறந்து அதை நசுக்கியவர்கள் நிறைய. டிரெய்லரின் கிங்பின் தகடு ஹிட்ச்சின் தகட்டைவிடச் சற்றே தாழ்வாக இருக்கும்படி முன்கால்களைச் சரிசெய்யுங்கள், டிரக் பின்னால் வரும்போது ஹிட்ச் டிரெய்லரைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டே நுழைய வேண்டும். கிங்பின் உயரமாக இருந்தால் தாடைக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டு, பூட்டியது போலவே தெரியும். ஓட்டத் தொடங்கி முதல் வேகத்தடையில் டிரெய்லர் கழன்று தொட்டிச் சுவரின் மேல் விழும்.

அதனால் டார்ச் அடித்து தாடை கிங்பினைச் சுற்றி மூடியிருக்கிறதா, இரண்டு தகடுகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரியாமல் ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கைப்பிடி பூட்டிய நிலையில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. பூட்டு முள்ளைச் சொருகுங்கள். மின் ஒயரை மாட்டுங்கள். டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் போடும் கம்பியை டிரக்கின் உறுதியான இடத்தில் மாட்டுங்கள், ஹிட்ச்சின் கைப்பிடியில் மாட்டாதீர்கள். டெயில்கேட்டை மூடுங்கள். பிறகு கட்டைகளை எடுக்காமல், முன்கால்களையும் தரையில் லேசாகத் தொடவிட்டு, உள்ளே உட்கார்ந்து டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடித்துக்கொண்டு டிரக்கை மெல்ல முன்னே இழுத்துப் பாருங்கள். அசையாமல் நின்றால் பூட்டியிருக்கிறது. நானும் மனைவியும் ஆளுக்கொரு முறை தனித்தனியாகச் சரிபார்க்கிறோம். ஒருவர் பார்த்துவிட்டால் மற்றவர் பார்க்க வேண்டாம் என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது.

10. எடை மேடைக்குப் போங்கள்

முதல் பயணத்துக்கு எப்படிச் சாமான் ஏற்றுவீர்களோ அப்படியே ஏற்றி, குடும்பத்தோடு, டேங்க் நிறைய எரிபொருளோடு, நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடைக்குப் போங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றும் தனித்தனி பலகையில் நிற்கும்படி நிறுத்தினால் மூன்று எடையும் சீட்டில் வரும். பதினைந்து டாலரை ஒட்டி ஆகும். பிறகு டிரெய்லரை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு டிரக்கை மட்டும் மறுபடி நிறுத்துங்கள், 24 மணி நேரத்துக்குள் மறு எடைக்குக் கட்டணம் குறைவு. இரண்டு சீட்டிலும் டிரக்கின் இரு அச்சையும் கூட்டிக் கழித்தால் வருவதுதான் உங்கள் உண்மையான கிங்பின் எடை.

என் பழைய டிரக்கில் அது 2,380 வந்தது. டிரக்கின் மொத்த எடை 10,960, ஸ்டிக்கரில் உச்ச எடை 10,000. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் டிரக்கை மாற்ற முடிவெடுத்தோம். இப்போதைய டிரக்கில் நீளத் தொட்டி, நிலையான ஹிட்ச், முழுக் குடும்பமும் ஏறியபின் ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே இன்னும் 700 பவுண்டு மிச்சம். முன்பக்க அறையில் புதிதாக ஏதாவது கனமாக வைத்தால், ஜெனரேட்டரோ இரண்டாவது பேட்டரியோ, மறுபடி ஒருமுறை மேடைக்குப் போய்விடுகிறேன். சீட்டுகள் எல்லாம் அந்த உறையிலேயே இருக்கின்றன.